ஆய்வில் சேரச் சொல்கிறார்களா? மதுரைப் பக்கத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

பெரியாஸ்பத்திரி வார்டிலோ, கண் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையிலோ, உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் வீட்டுத் திண்ணையிலோ ஒருவர் காகிதக் கட்டோடு வந்து, "ஒரு ஆய்வு நடக்குது, சேந்துக்கிறீங்களா?" என்று கேட்கலாம். அப்போது நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "எங்கள என்ன சோதன எலின்னு நெனச்சீங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இல்லாவிட்டால், "டாக்டர் சொன்னாச் சரிதான்" என்று படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். மறுப்பவரால் ஆய்வுக்கு நட்டமில்லை, வேறொருவர் சேர்வார். புரியாமல் சேர்ந்தவர்தான் மூன்றாவது வாரம் சொல்லாமல் நின்றுவிடுவார். அவரால் அவருக்கும் பயனில்லை, ஆய்வும் கெடும். புரிந்து சேர்வது எப்படி, சேர்ந்தபின் கடைசி வரை நிற்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

இந்த மண்ணில் நடந்தவை

ஆய்வு என்றதும் வெளிநாடு நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் பக்கத்திலேயே நடந்தவை உண்டு. கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் பட்டு, புண்ணாகி, "பூ விழுந்துருச்சு" என்று ஆஸ்பத்திரிக்கு வருவது சோழவந்தான், மேலூர்ப் பக்கம் புதிதல்ல. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 65 பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது, பெரும்பாலும் வயல் வேலையில். சோதனையில் கிருமி தெரிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரே சொட்டு மருந்தை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேருக்குத் தவறாகப் போகும்.

அடுத்து வந்த கேள்வி, பூஞ்சைப் புண்ணுக்கு எந்தச் சொட்டு நல்லது என்பது. பழைய நாட்டமைசின் 5 சதவீதமா, புதிய வோரிகோனசோல் 1 சதவீதமா? தென்னிந்தியாவில் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை ஆள் சேர்த்தார்கள். 940 பேரைப் பார்த்து, 323 பேர் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எந்தப் புட்டி என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்த்த டாக்டருக்கும் தெரியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, புண் மூடிய பிறகு நாளுக்கு 4 முறை வீதம் குறைந்தது 3 வாரம், 3 மாதம் கழித்துப் பார்வைச் சோதனை. 2013இல் முடிவு வெளியானது. பழைய நாட்டமைசின்தான் வென்றது. குறிப்பாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு வித்தியாசம் பெரிது. "புதுசு, அதனால் நல்லது" என்ற கணக்கு அங்கே உடைந்தது. அந்த 323 பேர் செய்ததெல்லாம் மணிக்கொரு சொட்டு விட்டதும், சொன்ன நாளில் மறுபடி வந்ததும்தான்.

காச நோய்க்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் எனும் காச நோய் ஆஸ்பத்திரியிலும் இன்னொரு பகுதியினரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. காச நோய்க்கு இன்று வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவது அந்த முடிவிலிருந்து வந்த வழக்கம். அந்த நிறுவனத்துக்கு மதுரையிலும் ஒரு பிரிவு உண்டு.

அங்கன்வாடியில் 6 மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் வைட்டமின் ஏ திரவத்துக்குப் பின்னாலும் நம் பக்கத்து ஆய்வு ஒன்று இருக்கிறது. மதுரையிலிருந்து போன குழு திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளுக்கு வாரந்தோறும் வீடு தேடிச் சொட்டுக் கொடுத்தது. ஒரு பாதிக்கு வைட்டமின் ஏயும் ஈயும், மறு பாதிக்கு ஈ மட்டும். ஏ பெற்ற பக்கம் இறப்பு 54 சதவீதம் குறைவு என்று 1990இல் வெளியானது.

படி 1: உங்களிடம் கேட்பது எந்த வகை?

எல்லா ஆய்வும் மருந்துச் சோதனை அல்ல. கேள்வித்தாளோடு வருபவருக்கு உங்கள் அரை மணி நேரம் மட்டும் போதும். யானைக்கால் ஆய்வுக்காரர்கள் இரவில்தான் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் மறைந்திருந்து இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வருகின்றன. விஷயம் தெரியாமல் "ராத்திரி வந்து ரத்தம் எடுக்கிறான்" என்று ஊரே கூடிவிடும். அடையாள அட்டையைக் கேளுங்கள், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு உறுதிசெய்யுங்கள், பிறகு விரலை நீட்டலாம். மதுரை சின்னச் சொக்கிக்குளத்தில் கொசுவழி நோய்களுக்கான மத்திய ஆய்வு மையம் பல ஆண்டுகளாக இருக்கிறது. வயல்வெளியில் கொசுப் புழு அள்ளுபவர்களைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மருந்துச் சோதனை என்றால் கவனம் கூட வேண்டும். நோயுள்ளவர்களிடம் செய்வது ஒரு வகை. நோயே இல்லாதவரை இரண்டு மூன்று நாள் தங்கவைத்து, மாத்திரை கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவதில் பணம் உண்டு. அதனால் ஏஜெண்டுகளும் உண்டு. "இங்க முடிச்சதும் அடுத்த வாரமே வேற ஊர்ல ஒண்ணு இருக்கு" என்று ஏஜெண்டு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் பொதுவாக 3 மாதம் இடைவெளி கேட்பார்கள். முந்தைய மருந்தின் மிச்சம் அடுத்ததோடு கலக்கும், எடுத்த ரத்தம் ஊறவும் நாள் ஆகும். மறைத்துச் சேர்பவர் தன் உடம்பைத்தான் பணயம் வைக்கிறார்.

படி 2: காகிதத்தைப் பாருங்கள்

மூன்று விஷயம் கண்ணில் பட வேண்டும். பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததற்கான விவரம். தாள் தமிழில் இருக்க வேண்டும். அந்தத் தமிழும் உங்களுக்குப் புரிய வேண்டும். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தால் "எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை.

நெறிமுறைக் குழு என்பது ஆஸ்பத்திரி டாக்டர்களே கூடிக் கையெழுத்திடும் கமிட்டி அல்ல. 2019 புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர், அதில் பாதிப் பேராவது வெளியாட்கள். தலைவரும் வெளியாள். ஒரு வழக்கறிஞர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண மனிதர் இருந்தே ஆக வேண்டும். அந்தக் குழுவின் செயலாளர் போன் நம்பர் உங்கள் தாளில் இருக்கும். ஆய்வு டாக்டர் மேலேயே புகார் என்றால் அந்த நம்பர்தான்.

அடுத்தது பதிவு எண். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ என்ற பதிவேட்டில் பதிய வேண்டும். 2007இல் தொடங்கி, 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். எண்ணில் முதலில் அந்த நான்கு எழுத்து, பிறகு ஆண்டு, மாதம், கடைசியில் 6 இலக்கம் வரும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் 5 நிமிடத்தில் தேடித் தரும். தேடும்போது எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், நாலு இடம் பாருங்கள்:

- ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் நீங்கள் நிற்கும் ஆஸ்பத்திரி இருக்கிறதா?
- அந்த இடத்துக்கு நெறிமுறைக் குழு அனுமதி "கிடைத்தது" என்று இருக்கிறதா, "நிலுவை" என்றா?
- முதல் ஆள் சேர்ந்த தேதி, பதிவான தேதிக்குப் பிறகு வருகிறதா? முன்னால் வந்தால் கேள்வி கேளுங்கள்.
- இப்போதும் ஆள் சேர்க்கிறார்களா, முடிந்துவிட்டதா?

படி 3: வீட்டுக்கு எடுத்துப் போங்கள்

அவசர சிகிச்சை ஆய்வைத் தவிர, அன்றே கையெழுத்துப் போட வேண்டிய ஆய்வு அபூர்வம். "நாளைக்குச் சொல்றேன்" என்று சொன்னால் முகம் சுளிக்கிற குழுவிடம் சேராமல் இருப்பதே மேல். வீட்டில் உட்கார்ந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பார்வையில் முதல் கேள்வி இதுதான்: "நான் சேரலேன்னா எனக்கு என்ன வைத்தியம் குடுப்பீங்க?" இதற்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் விளங்கிவிடும். பிறகு, எத்தனை முறை வர வேண்டும், எத்தனை மில்லி ரத்தம், பஸ் காசும் அன்றைய கூலியும் யார் தருவது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டா, ரத்தத்தைப் பிற்காலத்தில் வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்வார்களா. சோதிக்கும் மருந்துக்கோ அதற்கான பரிசோதனைக்கோ உங்களிடம் பணம் கேட்டால் அது தவறு.

வீட்டுக்காரரோ பஞ்சாயத்துத் தலைவரோ "சேந்துக்க" என்று சொல்வது சம்மதம் ஆகாது. சேரும் ஆள் வாயிலிருந்து வர வேண்டும். மாமியாருக்காக மருமகள் போடும் கையெழுத்தும் அப்படித்தான்.

படி 4: தகுதிப் பரிசோதனை

இங்கேதான் நிறையப் பேர் தெரியாமல் கெடுத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் 8 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். மாட்டுத்தாவணியில் இறங்கி ஒரு டீ அடித்துவிட்டு வந்தால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக் காட்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் அரை மணி நேரத்துக்குக் காபி, பீடி, சிகரெட் வேண்டாம். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல் 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள்.

சாப்பிடும் மருந்தையெல்லாம் அட்டையோடு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "மருந்து" என்றால் டாக்டர் எழுதியது மட்டுமல்ல. மெடிக்கலில் தானே வாங்கும் மூட்டுவலி மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், நிலவேம்புக் கஷாயம், நாட்டு மருந்துக்கடை லேகியம் எல்லாம் சேர்த்தி. வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தொடும். சில பச்சிலைகள் ஈரலைத் தொடும். மறைத்தால், பின்னால் ஈரல் சோதனை ஏறும்போது புது மருந்தின் தலையில் பழி விழும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் உள்ளபடி சொல்லுங்கள். வீட்டாரிடம் சொல்ல மாட்டார்கள்.

பெண்களிடம் கர்ப்பப் பரிசோதனையும், ஆய்வு முடியும்வரை கருத்தரிக்காமல் இருக்கும்படியும் கேட்கலாம். மாமியார், கணவர் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால், "சிஸ்டர் கூடத் தனியாப் பேசணும்" என்று சொன்னால் போதும்.

தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டால் மனம் வருந்த வேண்டாம். கருவிழிப் புண் ஆய்வில் 940 பேரில் 617 பேர் சேர்க்கப்படவில்லை. அந்த வடிகட்டல் இருந்ததால்தான் முடிவு தெளிவாக வந்தது.

படி 5: கையெழுத்து

தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் அப்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி, தாளை வாசித்துக் காட்டும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கூடவே இருக்க வேண்டும். கைநாட்டு வைத்த பிறகு வராந்தாவில் போனவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது மோசடி. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழிச் சம்மதமும், 12 முதல் 18 வயதுக்குள் எழுத்துச் சம்மதமும், பெற்றோர் கையெழுத்தோடு கூடுதலாகக் கேட்பார்கள். முற்றிலும் புதிய மருந்தாக இருந்து, சேர்பவர் எளிதில் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகக்கூடியவராக இருந்தால் சம்மதத்தை வீடியோ எடுப்பார்கள். பயப்பட வேண்டாம், அது உங்களுக்கான சாட்சி.

ஒரு நகல் கையில் வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

படி 6: எந்தப் பக்கம் விழும்?

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் தேர்ந்தெடுத்தால், தன்னை அறியாமலே நோய் லேசாக இருப்பவருக்குப் புது மருந்தும் முற்றியவருக்குப் பழையதும் போய்விடும், புது மருந்து இல்லாத பெருமையைச் சம்பாதிக்கும். சிஸ்டரிடம் "நமக்குள்ள, நல்ல டப்பாவாப் பாத்துக் குடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. அவருக்கும் தெரியாது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஆய்வில் இருந்தால் மாத்திரையை மாற்றிக்கொள்ளவே கூடாது. ஒரே வீட்டில் இது அடிக்கடி நடப்பது.

படி 7: வீட்டில் மருந்தும் நோட்டும்

சித்திரை வெயிலில் மதுரைத் தகர வீட்டுக்குள் 40 டிகிரி சாதாரணம். மருந்து டப்பாவில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் என்று போட்டிருக்கும். டிவி மேல், பிரிட்ஜ் மேல், பைக் பெட்டிக்குள், அடுப்பு அலமாரியில் வைக்காதீர்கள். ஓட்டு வீட்டின் உள்ளறையில், தரையோரமாக, பிள்ளைக்கு எட்டாத பூட்டிய பெட்டி சரி. 2 முதல் 8 டிகிரி என்றிருந்தால் பிரிட்ஜின் நடுத்தட்டு. கதவில் வைத்தால் திறந்து மூடும்போது சூடாகும், ஃப்ரீசரில் உறையும். பிரிட்ஜ் இல்லை என்றால் சேருமுன்பே சொல்லுங்கள்.

மருந்து சாப்பிட்டதைக் குறிக்கக் கொடுக்கும் நோட்டில் அன்றன்று எழுத வேண்டும். அடுத்த முறை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளுக்கும் டிக் அடித்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரு வேளை மறந்தால் "மறந்தேன்" என்று எழுதுங்கள். தாளில் சொல்லாவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். மிஞ்சிய மாத்திரையையும் காலி அட்டையையும் அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். திட்டுவார்களோ என்று மிச்சத்தைச் சாக்கடையில் போடுபவர்கள் உண்டு. அதனால் "முழு மருந்தும் சாப்பிட்டும் கேட்கவில்லை" என்று ஒரு பொய்க் கணக்கு ஏறும்.

சபரிமலை விரதம், ரம்ஜான் நோன்பு, ஆடிக் கூழ் என்று சாப்பாட்டு நேரம் மாறும் மாதங்களை முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்று அவர்கள் சொல்வார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊருக்குள் பஸ் வந்து சேராது. வருகைத் தேதிக்குப் பொதுவாக முன்பின் சில நாள் இடம் விட்டிருப்பார்கள். "எத்தன நாள் முன்னப்பின்ன வரலாம்?" என்று முதல் நாளே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

படி 8: உடம்புக்கு ஏதாவது என்றால்

ஆய்வில் இருக்கிறீர்கள் என்று காட்டும் ஆய்வு அட்டை சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ எப்போதும் இருக்கட்டும். 108இல் ஏறினாலும் முதலில் அதைக் காட்டுங்கள். உங்கள் டப்பாவில் என்ன மருந்து என்பதை அவசரத்தில் திறந்து பார்க்க வழி உண்டு. இறப்பு, உயிருக்கு ஆபத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலை, நிரந்தர ஊனம், பிறக்கும் குழந்தைக்குக் குறை என்றால் ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். நாய் கடித்துப் படுத்தாலும் சொல்லுங்கள். தொடர்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல.

பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வினால்தான் பாதிப்பு என்றால் நட்ட ஈடும் உண்டு. இறப்புக்கான கணக்கில் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும், சேரும்போது நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதையும் வைத்து அது கூடும், குறையும்.

படி 9: கடைசி வருகை

குணமாகிவிட்டது என்றும் வராமல் போகிறார்கள், குணமாகவில்லை என்றும் வராமல் போகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். புது மருந்து 100 பேருக்கு, பழையது 100 பேருக்கு. புதியதில் 80 பேர் திரும்பி வந்தார்கள், அதில் 60 பேருக்குக் குணம். 75 சதவீதம். பழையதில் 95 பேர் வந்தார்கள், 62 பேருக்குக் குணம். 65 சதவீதம். புதியது நல்லது போலத் தெரிகிறது. ஆனால் வராத 20 பேரும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்கள், பழைய பக்கம் வராத 5 பேருக்கும் குணமில்லை என்று வையுங்கள். அப்போது புதியது 60, பழையது 62. தலைகீழாகிவிட்டது. அந்தத் தவறான 75ஐ நம்பி நாளை ஆயிரம் பேருக்கு மருந்து எழுதுவார்கள்.

வேலைக்குத் திருப்பூர், கோயம்புத்தூர் போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். சிம் மாற்றினால் நம்பர் கொடுங்கள். உறவினர் ஒருவர் நம்பரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

விலக நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான வைத்தியமும் நிற்காது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடுவதற்கும், "இனிமே மருந்து வேணாம், ஆனா கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் வாரேன்" என்று சொல்லி விலகுவதற்கும் நிறைய வித்தியாசம். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது என்பதும் ஒரு காரணம். சேமித்த ரத்தத்தை அழிக்கச் சொல்லவும் கேட்கலாம், பெயர் நீக்கிக் கலந்துவிட்டால் மட்டும் முடியாது.

படி 10: முடிவைக் கேளுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை. ஆய்வு முடிந்து முடிவு வர ஒன்றிரண்டு ஆண்டு ஆகலாம். கடைசி வருகையிலேயே, முடிவைத் தமிழில் தெரிவிப்பீர்களா என்று கேட்டு, அனுப்ப வேண்டிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பதிவு எண் கையில் இருப்பதால் அந்தப் பக்கத்தை அவ்வப்போது திறந்தும் பார்க்கலாம். உங்கள் டப்பாவில் இருந்தது எந்த மருந்து என்பதையும் குலுக்கல் திறந்த பிறகு கேட்டு எழுதி வாங்கி, ஒப்புதல் படிவ நகலோடும் பழைய ஓ.பி. சீட்டுகளோடும் ஒரே பையில் வையுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.